ஏழாம் நம்பர் கட்டிலும் ஒரு வாளித் தண்ணீரும்

என் வீட்டுக்காரர் ஒண்ணுக்குப் போவதை ஒரு டிவி பெட்டி ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது. காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி, இதய வார்டு. நர்சுகள் உட்காரும் மேஜைக்கு மேலே சுவரில் அந்தப் பெட்டி. அதில் வரிசையாகக் கட்டில் நம்பர், எதிரே மில்லி அளவு. ஏழாம் நம்பருக்கு நேரே 320 என்று இருந்தது. யாரையோ பார்ப்பதற்குப் பழப்பையோடு வந்த ஓர் ஆள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன, கிரிக்கெட் ஸ்கோரா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல, எங்க வீட்டுக்காரவுக மூத்திரம்" என்றேன்.

அதற்கப்புறம் அவர் அந்தச் சுவர்ப் பக்கமே திரும்பவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, அந்த வாயை வைத்துத்தான் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறேன். புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் எடை மேடையில் எனக்கு வேலை. மேடைக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பேன். நெல் ஏற்றிய லாரி மேடையில் ஏறியதும் ஓர் எடை. நெல்லை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது காலி எடை. முன்னதில் பின்னதைக் கழித்தால் நெல். ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்த கழித்தல்தான். ஆனால் லோடு எடை போடும்போது கேபினுக்குள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். காலி எடைக்கு வரும்போது டிரைவர் மட்டும் இருப்பார். மிச்ச மூன்று பேரும் நெல்லாகிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு லாரிக்கும் நான் எழுந்து போய்க் கேபின் கதவைத் திறந்து பார்ப்பேன். "இறங்குங்கப்பா கீழ, உங்களயெல்லாம் அரைச்சுச் சோறாக்க முடியாது" என்பேன். டிரைவர்கள் என்னைத் திட்டுவார்கள். நானும் திட்டுவேன். இருபத்திரண்டு வருஷமாக இது நடக்கிறது.

வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். அரசுப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் கத்தித் தீர்த்ததே போதும் என்று நினைத்தாரோ என்னவோ, வீட்டில் வாயே திறக்க மாட்டார். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட எழுந்து போய் அவரே போட்டுக்கொள்வார். மூச்சு வாங்குவதையும் அப்படித்தான் சொல்லாமல் வைத்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கியிருக்கிறார். நான் கேட்டால் "முதுகு வலி" என்றார். ஒருநாள் காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை. அப்போதுதான் குனிந்து பார்த்தேன், இரண்டு பாதமும் உப்பிப்போய் இருந்தன. ஆட்டோ பிடித்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

இதயம் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தைத் தள்ள முடியவில்லை, அதனால் தண்ணீர் காலிலும் நெஞ்சிலும் தேங்குகிறது என்றார்கள். முதல் இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் குழாய் போட்டு மூத்திரத்தைப் பையில் பிடித்தார்கள். நிறையப் போனது, மூச்சு சரியானது. பிறகு குழாயை எடுத்துவிட்டு வார்டுக்கு மாற்றினார்கள். பெரிய டாக்டர் என்னை நிற்க வைத்து நிதானமாகச் சொன்னார்.

"இவருக்கு ஊசி போட்டுத் தண்ணிய வெளியேத்துறோம்மா. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல குடிக்கக் கூடாது. எவ்வளவு வெளிய போகுதுங்கறதுதான் ரொம்ப முக்கியம். நல்லாப் போச்சுன்னா ஊசியக் குறைப்போம். போகலைன்னா கூட்டணும். அதத் தப்பாக் கணிச்சா தண்ணி திரும்ப நுரையீரலுக்குப் போயிடும். இன்னொரு தடவை அப்படிப் போனா இவர் தாங்குவாரான்னு சொல்ல முடியாது."

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போவது, வெளியே வருவது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இது எனக்குத் தெரிந்த வேலைதான். கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி, பேனாவால் அதில் பத்துக் கோடு போட்டேன். ஒரு நாளைக்கு அந்தப் பாட்டில்தான் என்று அவரிடம் காட்டினேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

வெளியே போவதை அளக்கத்தான் வார்டில் ஒரு புது டாய்லெட் வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு மற்ற வெஸ்டர்ன் டாய்லெட் மாதிரியேதான் இருக்கும். கதவுப் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு, அவர் கையில் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பட்டையை அதில் காட்டினால் 'கீங்' என்று சத்தம் கேட்டு உள்ளே பச்சை விளக்கு எரியும். முடித்துவிட்டுப் பட்டனை அழுத்தினால் விளக்கு அணையும். அதற்குள் எவ்வளவு விழுந்ததோ அது டிவி பெட்டிக்குப் போய்விடும். வார்டு நர்ஸ் நாச்சியாபுரத்துப் பெண், நல்ல பிள்ளை. அவள்தான் விளக்கினாள்.

"முன்னெல்லாம் ஜக்குல பிடிச்சு வச்சா நாங்க பாத்து எழுதுவோம்மா. பாதிப் பேரு பிடிக்கவே மாட்டாக. நாங்களும் குத்துமதிப்பா இருநூறு, முன்னூறுன்னு போட்டுருவோம். இப்ப அந்தத் தொல்லையே இல்ல. ஃப்ளஷ் தண்ணி, சுவத்துல இருக்குற பீச்சுற குழாய்த் தண்ணி எல்லாத்தையும் அதுவே கழிச்சுக்கிரும்."

'கழிச்சுக்கிரும்' என்ற வார்த்தையில் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. காலி எடை தெரிந்தவன் எவனோதான் இதைச் செய்திருக்கிறான் என்று நினைத்தேன்.

ஆனால் டிவி பெட்டியை என்னால் பொறுக்க முடியவில்லை. மேனேஜர் என்று ஒருவர் கீழே இருந்தார், பெட்டியை வேறு பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிப் போய்க் கேட்டேன். "பேஷன்ட் பேரு போடலையேம்மா, கட்டில் நம்பர்தானே" என்றார்.

"கட்டில்ல ஏழுன்னு முழ நீளத்துக்கு எழுதி ஒட்டியிருக்கீக. அதுல எங்க வீட்டுக்காரவுக படுத்திருக்காக. வாரவுக போறவுகளுக்குக் கண்ணு இல்லையா?" என்றேன்.

மேலிடத்தில் பேசுகிறேன் என்றார். அந்த மேலிடம் எங்கே இருக்கிறதோ தெரியாது, பெட்டி அப்படியே இருந்தது. அந்தச் சண்டையில் தோற்றேன். தோற்ற கோபத்தில்தான் அடுத்த சண்டையைப் பிடித்தேன்.

அந்த டாய்லெட்டில் வாளியும் இல்லை, கப்பும் இல்லை. சுவரில் தொங்கும் பீச்சுகிற குழாய் மட்டும்தான். வீட்டுக்காரர் அதை அழுத்த, அது வேட்டியெல்லாம் பீச்சியடித்து, பாதி நனைந்து வெளியே வந்தார். இதயம் பலவீனமானவருக்கு ஈர வேட்டி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆங்காரம் வந்ததோ. வார்டு கழுவும் அக்கா ஒருவர் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

"ஏக்கா, வாளி கப்பு இல்லாத கக்கூஸு எந்த ஊருல இருக்கு?"

"அதுல வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காகத்தா."

"ஏன் வைக்கக் கூடாது?"

"அது தெரியல. வைக்கக் கூடாதுன்னு மட்டுந்தான் சொன்னாக."

"ஏன்னு சொல்லாம ஒரு சட்டம் போட்டா அத நான் மதிக்க மாட்டேன். நீங்க வைக்கிறீகளா, நான் கீழ போயி அந்த மேனேஜரு மேஜை மேல உக்காந்துக்கிரவா?"

அந்த அக்கா பயந்த சுபாவம். சுற்றிப் பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் ஒரு நீல வாளியும் சிவப்புக் கப்பும் கொண்டுவந்து வைத்தார். வார்டே சந்தோஷப்பட்டது. நாலாம் நம்பருக்குத் துணைக்கு இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை, கேட்டீக" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம ஊரில் வந்து வாளி இல்லாமல் கழுவச் சொல்ல இவர்கள் யார் என்று அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மறுநாளில் இருந்து ஏழாம் நம்பரின் எண் ஏறியது. முதல் நாள் ஆயிரத்துச் சொச்சம். அடுத்த நாள் இரண்டாயிரத்தைத் தாண்டியது. "சூப்பரும்மா, உங்க வீட்டய்யாதான் வார்டுலயே ஃபர்ஸ்ட்டு" என்றாள் நாச்சியாபுரத்துப் பிள்ளை. நான் திட்டிய டிவி பெட்டியை இப்போது நானே போகும்போதும் வரும்போதும் அண்ணாந்து பார்த்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "அப்பாவுக்குத் தண்ணி நல்லா வடியுதுடி, கவலப்படாத" என்று சிரித்துச் சிரித்துப் பேசினேன். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஊசியை நிறுத்தி மாத்திரையாக்கினார். இப்படியே போனால் நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரருக்கு வேட்டி மாற்றிவிட்டபோது இடுப்பில் அரைஞாண் கயிறு சதைக்குள் பதிந்திருப்பதைப் பார்த்தேன். முந்தின நாள் அப்படி இல்லை. கயிற்றைச் சற்று நகர்த்தினேன், சிவப்பாகத் தடம் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்தபின் குழி அப்படியே நின்றது. தலையணை மூன்று போட்டுத்தான் சாய்ந்திருந்தார்.

"மூச்சு முட்டுதா?"

"அதெல்லாம் இல்ல" என்றார், வழக்கம்போல.

நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் டிவியைக் காட்டி, "அவுட்புட் இம்புட்டுப் போயிருக்கேம்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வத்தும்" என்றாள்.

"ஆள எடை போடு" என்றேன்.

"டாய்லெட் வந்ததுல இருந்து தெனமும் போடுறதில்லம்மா."

"இன்னைக்குப் போடு."

எடை மிஷின் ஒரு மூலையில் இருந்தது. அதன் மேல் படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நானே எடுத்து வைத்துவிட்டு, மிஷினைச் சமதளமாக இருக்கிற இடத்துக்கு இழுத்துப் போட்டு, முள் சைபரில் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் அவரை ஏற்றினேன். வார்டுக்கு வந்த அன்று அறுபத்தெட்டு என்று சார்ட்டில் எழுதியிருந்தது. இப்போது எழுபதரை. அந்த நேரம் வார்டில் இருந்த டியூட்டி டாக்டரிடம் போனேன். சின்ன வயசுக்காரர்.

"சார், குடிச்சது ஒரு லிட்டரு. போனது ரெண்டு லிட்டருக்கு மேலன்னு எழுதியிருக்கீக. அப்ப ஆளு இளைக்கணும். ரெண்டரைக் கிலோ ஏறியிருக்காக. இது எந்த ஊருக் கணக்கு?"

"அந்த எடை மிஷின் பழசும்மா. முன்ன பின்ன காட்டும். டாய்லெட்ல தப்பு வர வாய்ப்பே இல்ல."

"சார், வேற எதப் பத்தி வேணும்னாலும் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். எடையப் பத்தி எங்கிட்டச் சொல்லாதீக."

பெரிய டாக்டர் பதினொரு மணிக்கு வருவார், அவரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மணி ஒன்பதேகால். நான் அந்த டாய்லெட் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எடை தப்பாக இருந்தால் லாரியைப் போய்ப் பார்ப்பேன். இங்கே என் லாரி உள்ளே போயிருந்தது. கதவில் காதை வைத்தேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தேன்.

'கீங்' என்ற சத்தம் கேட்டது. அதற்கடுத்து வந்தது சளாரென்று ஒரு கப் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. ஏதோ சொட்டியது போல இருந்தது. மறுபடி சளார். ஒரு நிமிஷம் கழித்துப் பட்டனை அழுத்தினார், விளக்கு அணைந்திருக்கும்.

கேபினுக்குள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் வெளியே வந்ததும் கேட்டேன். "உக்காருறதுக்கு முன்னால தண்ணி ஊத்துறீகளா?"

"ஆமா."

"எதுக்கு?"

"நீதானே ஊத்தச் சொன்ன."

"அது நம்ம வீட்டுல."

"ஏன், இங்க மட்டும் மஞ்சக் கறை பிடிக்காதா?"

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அவருக்கு முழங்கால் வலி வந்து வெஸ்டர்ன் டாய்லெட் வைத்த நாளில் இருந்து அந்தக் கறையைத் தேய்ப்பது நான். "முன்னாடி ஒரு கப்பு, பின்னாடி ஒரு கப்பு, ஊத்தாம வந்தா சோறு கிடையாது" என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். அந்தச் சட்டத்தை அவர் ஆஸ்பத்திரியிலும் மீறவில்லை. வாளியையும் கப்பையும் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்ததும் நான். பச்சை விளக்கு எரிந்த பிறகு அவர் ஊற்றிய ஒவ்வொரு கப்பையும் அந்த மிஷின் அவர் உடம்பில் இருந்து வந்ததாக எண்ணியிருக்கிறது. அதை நம்பி ஊசியை நிறுத்திவிட்டார்கள். அவருக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அழுவதற்கு நேரமில்லை. வாயால் சொன்னால் இவர்கள் கேட்க மாட்டார்கள் என்று தெரியும். கோடு போட்ட பாட்டிலை எடுத்தேன். அன்றைக்கு அவர் இன்னும் ஒரு மடக்குக்கூடக் குடித்திருக்கவில்லை, முழு லிட்டர் இருந்தது. பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் மேஜைக்கு வந்து நின்றதும் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகப் பிடித்து டாய்லெட் வாசலுக்குக் கூட்டிப்போனேன்.

"கையக் காட்டுங்க."

பட்டையைத் தகட்டில் காட்டினார். கீங். பச்சை விளக்கு எரிந்தது. அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு நான் உள்ளே போய்ப் பாட்டிலைத் திறந்து கவிழ்த்தேன். அவசரத்தில் கொஞ்சம் வெளியே சிந்தியது.

"ஏ, அது என் தண்ணி" என்றார் அவர், வாசலில் இருந்து. ஆஸ்பத்திரிக்கு வந்ததில் இருந்து அவர் வாயில் இருந்து வந்த முதல் எதிர்ப்பு அதுதான்.

பட்டனை அழுத்திவிட்டு, அவரை மெதுவாக நடத்திக்கொண்டு போய் மேஜைக்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். காலிப் பாட்டிலை டாக்டர் முன்னால் வைத்தேன்.

"சார், ஏழாம் நம்பரப் பாருங்க."

பெட்டியில் எண் மாறியது. ஒரே தடவையில் 980 கூடியது.

"இவுக இப்ப உள்ளயே போகல சார். வாசல்ல நின்னாக. ஊத்தினது நான், இந்தப் பாட்டிலு. இருபது மில்லி கீழ சிந்திருச்சு, அதையும் உங்க மிஷினு கரெக்டாக் கழிச்சிருக்கு. மிஷின நான் குத்தம் சொல்லல. அதுல விழுந்தத அது சொல்லுது. இவுக ஒவ்வொரு தடவையும் முன்னாடி ஒரு கப்பு, பின்னாடி ஒரு கப்பு ஊத்துறாக. ரெண்டு நாளா நீங்க வைத்தியம் பாத்தது எங்க வீட்டுக்காரவுகளுக்கு இல்ல, வாளிக்கு."

நாச்சியாபுரத்துப் பிள்ளை வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பெரிய டாக்டர் அப்படியே அந்த நாற்காலி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வீட்டுக்காரர் காலை அழுத்தினார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். எழுந்ததும் முதலில் சொன்னது, "ஊசிய இப்பவே போடுங்க." இரண்டாவது, "எல்லாக் கட்டிலுக்கும் ஜக் கொடுங்க. எல்லாரையும் எடை போடுங்க." அன்றைக்கு மத்தியானத்துக்குள் எடை மிஷினுக்கு முன்னால் வரிசை நின்றது. நாலாம் நம்பருக்கும் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது.

வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். ஜக்கில் பிடித்துப் பார்த்ததில் மாலை வரைக்கும் மொத்தமே இருநூற்றைம்பதுதான். ஒருநாள் கழித்துக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

அடுத்த நாள் மெட்ராஸில் இருந்து அந்தக் கம்பெனியின் இன்ஜினியர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் கம்ப்யூட்டர். டாய்லெட்டை எட்டிப் பார்த்ததும் முதலில் கேட்டது, "இங்க வாளி வெச்சது யாரு? வைக்கக் கூடாதுன்னு எழுதியே கொடுத்திருக்கோமே."

துப்புரவு சூப்பர்வைசர் திரும்பி அந்தக் கழுவுகிற அக்காவைப் பார்த்தார். அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி சுவரோரம் நின்றார். முந்தின நாள் முழுக்க எல்லாரும் என்னைப் பாராட்டியிருந்தார்கள். நான் இல்லையென்றால் அத்தனை பேர் கதியும் என்னவாகியிருக்கும் என்றெல்லாம் சொன்னார்கள். வாளி எப்படி வந்தது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும்.

"நாந்தான்" என்றேன். "இந்த அக்கா வேணாம்னுதான் சொன்னாக. மிரட்டி வாங்கினது நானு. இவுக மேல ஒரு சொல்லு வந்துச்சு, இந்த மாடிய விட்டு நான் இறங்க மாட்டேன்."

இன்ஜினியர் தலையை ஆட்டினார். "அதனாலதாம்மா இன்ஸ்ட்ரக்ஷன ஃபாலோ பண்ணணும்னு சொல்றது."

அந்தத் தலையாட்டலை என்னால் விட முடியவில்லை.

"தம்பி, தப்பு எம்மேல. அத நான் யாருக்கும் தாரவாக்கல. ஆனா ஒண்ணு கேக்குறேன். 'வாளி வைக்காதே'ன்னு எழுதினீகளே, 'தண்ணி ஊத்துனா அதுவும் மூத்திரமாச் சேந்துரும், உசுரு போயிரும்'னு இன்னொரு வரி எழுத உங்களுக்குக் கை வலிச்சுச்சா? அந்த ஒரு வரி இருந்திருந்தா நானே அந்த வாளிய ரோட்டுல வீசியிருப்பேன். தண்ணி ஊத்தாம கக்கூஸுல உக்காருற ஆளு இந்தக் காரைக்குடில எத்தன பேருன்னு ஒரு தடவை விசாரிச்சீகளா? நீங்க உங்க வீட்டுல ஊத்த மாட்டீகளா?"

அவர் கையிலிருந்த கம்ப்யூட்டரை மூடினார். பிறகு, "ஊத்துவோம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து எடை மேடையில் காலி எடை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். இப்போது அந்த டாய்லெட்டில் முன்னாடித் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகுதான் பச்சை விளக்கு எரிந்து, பின்னாடி ஊற்றுவதற்குள் அணையும்படி மாற்றியிருக்கிறார்களாம், தினமும் எடையும் போடுகிறார்களாம். நாச்சியாபுரத்துப் பிள்ளை போனில் சொன்னாள். கழுவுகிற அக்கா அதே வார்டில்தான் இருக்கிறார். டிவி பெட்டியை மட்டும் இன்னும் திருப்பவில்லையாம். அந்தச் சண்டையை நான் விட்டுவிடவில்லை, அடுத்த மாதம் பரிசோதனைக்குப் போகும்போது வைத்துக்கொள்வேன்.

ஊசி வேலை செய்தது. நாலு நாளில் எடை அறுபத்தேழுக்கு இறங்கியது. வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின மத்தியானம் அவர் ஒரு தலையணையில் நன்றாகச் சாய்ந்து படுத்திருந்தார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பேசினார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அம்புட்டுப் போகலன்னு தெரியும். சொட்டுச் சொட்டாத்தான் போச்சு. ரெண்டாயிரம்னு பெட்டில பாக்குறப்ப எனக்கே சிரிப்பா வந்துச்சு."

ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். "ஏன் சொல்லல?"

"பெட்டில போட்டிருக்கு. டாக்டரு வீட்டுக்குப் போகலாங்கிறாரு. நீ மககிட்டப் போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்த. எல்லாரும் சந்தோஷமா இருக்கும்போது, நான் யாரு அதச் சொல்றதுக்கு?"

அவர் என்மேல் குற்றம் சொல்லவில்லை, ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னார். அத்தனை பேரிடமும் மல்லுக்கு நின்றபோது வராத அழுகை அப்போது வந்தது. அவர் மூத்திரம் எவ்வளவு போனது என்று மிஷினைக் கேட்டோம், நர்ஸைக் கேட்டோம், டாக்டரைக் கேட்டோம். எடை மிஷினைக்கூடக் கேட்டேன். ஒண்ணுக்குப் போன மனுஷனை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் "நீங்க சும்மா இருங்க" என்று அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் சும்மா இருக்கப் பழகிவிட்டார். அதில் சாகவும் பார்த்தார்.

"இனிமே வாயத் திறந்து சொல்லணும்" என்றேன், மூக்கைச் சிந்திக்கொண்டே.

"சரி" என்றார்.

இப்போது வீட்டில் ஜக்குதான். அளவுக் கோடு போட்ட வெள்ளை பிளாஸ்டிக் ஜக்கு, ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்தது. டாய்லெட் கதவுக்கு வெளியே ஒரு நோட்டு, அதில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பேனா. காலையில் அவர் உள்ளே போவார். நான் வேலைக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருப்பேன். உள்ளே இருந்து அவரே ஜக்கைத் தூக்கிப் பார்த்து எண்ணைச் சொல்வார். முதல் இரண்டு நாள் முணுமுணுப்பாகத்தான் சொன்னார், "கேக்கல" என்றேன். மூன்றாம் நாள் பழைய கண்டக்டர் குரலை எடுத்தார். புதுக்கோட்டை பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்ட குரல்.

"முன்னூத்திப் பத்து."

தெருவே கேட்கும். எதிர்வீட்டில் கோலம் போடுகிறவள் நிமிர்ந்து பார்ப்பாள், பால்காரர் சிரித்துக்கொண்டே போவார். அந்த டிவி பெட்டிக்காக மேனேஜரோடு சண்டைக்குப் போனவள் நான். இதற்கு மட்டும் மெதுவாகப் பேசுங்கள் என்று இன்றுவரை சொன்னதில்லை.

நோட்டில் எழுதுவேன்.

"எழுதிட்டியா?" என்பார் உள்ளே இருந்து. "இப்பத் தண்ணி ஊத்தவா?"

"ஊத்துங்க" என்பேன்.